மலை இல்லாத ஊரில் நடை: யாழ்ப்பாணத்து நாட்குறிப்பு

வெள்ளி: செல்வச்சந்நிதி – வல்வெட்டித்துறை – பருத்தித்துறை

"நடக்கப் போறியளோ? இஞ்சை மலை ஒண்டும் இல்லையே!" யாழ்ப்பாணத்தில் நடைபயணம் என்று சொன்னால் முதலில் வருகிற பேச்சு இதுதான். மலை இல்லைத்தான். குடாநாடு முழுக்கச் சுண்ணக்கல் தட்டை. வருடம் முழுக்க ஓடும் ஆறும் கிடையாது. ஆனால் நடந்து போகிறவனுக்காகவே செய்து வைத்த பொருட்கள் இங்கே இருப்பதுபோல் இவ்வளவு நெருக்கமாக வேறெங்கும் நான் கண்டதில்லை. தலைச்சுமையை இறக்கி வைக்கச் சுமைதாங்கி, கூட வரும் மாடு முதுகு தேய்க்க ஆவுரஞ்சிக் கல், அதற்குத் தண்ணீர் காட்டக் கேணி, ஆள் படுத்தெழும்ப மடம். பஸ் வருவதற்கு முன்னால் இந்த ஊர் முழுக்கக் காலால்தான் இயங்கியது. அந்தப் பழைய வழிகளைத் தொட்டுத் தொட்டு நடக்க நானும் மச்சானும் வெளிக்கிட்டிருக்கிறோம். ஒவ்வொரு நாளும் இரவு, அன்றைய நடையை எழுதிப் போடுகிறேன்.

காலம் பார்த்துத்தான் மாசியைத் தேர்ந்தெடுத்தோம். ஐப்பசி முதல் மார்கழி வரை மழை. ஒழுங்கைகளில் வெள்ளம் நிற்கும். சித்திரை பிறந்தால் காலை பத்து மணிக்குப் பிறகு தெருவில் நிற்க ஏலாது. ஆடியில் சோளகக் காற்று புழுதியை வாரி முகத்தில் அடிக்கும். இடையில் கிடைக்கிற நல்ல காலம் தையும் மாசியும்தான். தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்பார்கள். விடிய ஐந்தரைக்குச் செல்வச்சந்நிதிக் கோயில் இருக்கிற தொண்டைமானாறு என்ற ஊரில் போய் இறங்கியபோது அது சரியாகத்தான் இருந்தது. தலைக்குத் துவாய் கட்டிக்கொண்டுதான் நடந்தோம்.

செல்வச்சந்நிதியில் தொடங்கியதற்குக் காரணம் உண்டு. இலங்கையின் மிக நீண்ட நடைவழி இந்தக் கோயில் வாசலில் இருந்துதான் புறப்படுகிறது. கதிர்காமப் பாதயாத்திரை போகிற அடியார்கள் இங்கே கும்பிட்டுவிட்டு முல்லைத்தீவு, திருகோணமலை, மட்டக்களப்பு, பொத்துவில் என்று கிழக்குக் கரையோடு இறங்கி, உகந்தை முருகனைக் கண்டு, குமண, யால காடுகளைக் கடந்து ஆடிக் கொடியேற்றத்துக்குக் கதிர்காமம் சேருவார்கள். ஐந்நூறு கிலோமீற்றருக்கு மேலே. வாரக்கணக்கில் நடக்கிற அந்த அம்மாமாரின் பையில் என்ன இருக்கும் என்று முன்பொருமுறை பார்த்திருக்கிறேன்: மாற்றுச் சேலை, ஒரு போர்வை, தண்ணிப் போத்தல், திருநீற்றுப் பை, கொஞ்சம் மருந்து. அவ்வளவுதான். நடைக்குச் சாமான் கட்டும்போதெல்லாம் அந்தப் பையைத்தான் நினைத்துக்கொள்வேன்.

சந்நிதியில் இருந்து வல்வெட்டித்துறைக்குக் கடற்கரை வீதி. இடப்பக்கம் கடல், வலப்பக்கம் வீடுகள். வல்வெட்டித்துறை கப்பல் கட்டிய ஊர். இங்கே கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பல் 1938இல் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகம் வரை போய்ச் சேர்ந்தது. அந்தக் கரையில் இன்று நிற்பவை எல்லாம் கண்ணாடியிழைப் படகுகள்தான். ஆனாலும் வலை பொத்துகிற ஒரு ஐயாவோடு ஐந்து நிமிடம் கதைத்தால் காற்றின் பெயர்கள் எல்லாம் வந்துவிடும்: வாடை, சோளகம், கொண்டல், கச்சான். எந்தக் காற்றுக்கு எந்தப் பக்கம் நடக்கக்கூடாது என்றும் அவர் சொன்னார். வாடைக் காற்றில் கரையோரம் போனால் உப்புத்தூவல் கண்ணைக் கரிக்கும், உள்ளொழுங்கையால் போங்கோ என்றார். இப்படியான தகவல் எந்த வரைபடத்திலும் இருக்காது.

பொலிகண்டி, திக்கம், இன்பருட்டி என்று ஊர்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வருகின்றன. கரை முழுக்க முருகைக்கல், அதாவது பவளப்பாறைக் கல். அலை அரித்து அரித்து அதன் விளிம்புகள் கத்திபோல் கூராகி நிற்கும். மெல்லிய அடியுள்ள சப்பாத்தோடு அதன்மேல் நடக்க வேண்டாம். தேத்தண்ணியும் வடையும் எங்கும் கிடைக்கும். அந்த வகையில் சாப்பாடு கட்டிக்கொண்டு போகத் தேவையில்லாத வழி இது.

பருத்தித்துறையில் வெளிச்சவீட்டைப் பார்த்துவிட்டு (1916இல் கட்டியது) தும்பளைப் பக்கம் போகும் தெருவில் இருக்கிற தெருமூடி மடத்துக்குத்தான் நேரே போனோம். பெயருக்கு ஏற்றபடி தெருவையே மூடி நிற்கிறது. தெருவின் இரண்டு பக்கமும் இடுப்பளவு உயரத்தில் திண்ணை. திண்ணைமேல் கல்தூண்கள். தூண்கள் தாங்குகிற கூரை இந்தப் பக்கத்தில் இருந்து அந்தப் பக்கம் வரை போகிறது. நடுவில் வாகனங்கள் ஓடுகின்றன. வெயிலில் வருகிறவன் வழியை விட்டு ஒரு அடிகூட விலகாமல் நிழலுக்குள் வந்துவிடுகிறான். திண்ணையில் முதுகு சாய்த்துப் பார்த்தேன். கல் குளிர்ந்து கிடக்கிறது. பலர் இருந்து எழும்பியதால் விளிம்பு மழுங்கி வழவழப்பாகிவிட்டது. நடப்பவனுக்கு என்ன வேண்டும் என்று நன்றாகத் தெரிந்த ஒருவர்தான் இதைக் கட்டியிருக்க வேண்டும். பக்கத்தில் சைக்கிளை நிற்பாட்டிவிட்டு இருந்த அப்பு எங்களைப் பார்த்து, "எங்கை இருந்து நடந்து வாறியள் தம்பி?" என்றார். சந்நிதியில் இருந்து என்றோம். "அப்ப கொஞ்சம் படுங்கோ, அதுக்குத்தானே இது" என்றார். படுத்தோம்.

சனி: வல்லிபுரம் – மணற்காடு

இன்று மணல். நேற்றைய நடைக்கும் இன்றைய நடைக்கும் சம்பந்தமே இல்லை.

வல்லிபுர ஆழ்வார் கோயில் வரை தார் வீதி. 1936இல் பொற்சாசனம் கிடைத்த ஊர் இது. ஈராயிரம் வருடத்துப் பழமை இந்த மணலுக்கடியில் கிடக்கிறது. கோயில் கிணற்றில் வாயை நனைத்துப் பார்த்துவிட்டு நடையைத் தொடருங்கள். கடல் இவ்வளவு பக்கத்தில் இருந்தும் தண்ணீர் நன்னீர். மழைத் தண்ணீரை மணல் மேடுகள் உறிஞ்சி வைத்துக்கொள்கின்றன. அடியில் இருக்கிற உப்புத் தண்ணீரைவிட நன்னீர் பாரம் குறைந்தது என்பதால் அதன்மேல் மிதந்து நிற்கிறது. மணலை அள்ளிக்கொண்டு போனால் இந்தத் தண்ணீரும் போய்விடும். வடமராட்சி கிழக்குச் சனம் மணல் அள்ளுவதை எதிர்த்துக் கத்துவது இதற்காகத்தான். நடந்து போகிறபோது லொறிச் சக்கரம் பதிந்த பள்ளங்களை நாங்களும் கண்டோம், மனம் பொறுக்கவில்லை.

கோயிலைத் தாண்டினால் மணல் மேடுகள். மேலே ஏறிப் பார்த்தால் ஒரு பக்கம் பனங்கூடல், மறுபக்கம் சவுக்கும் கடலும். மேட்டைப் பிடித்து வைத்திருப்பவை இரண்டு செடிகள். ஒன்று இராவணன் மீசை. உருண்டையாக, ஊசி ஊசியாக, காற்றில் உருண்டு போகும். மற்றது அடம்பன் கொடி. அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு என்று சும்மா சொல்லவில்லை. ஒரு கொடியை இழுத்துப் பார்த்தால் கையோடு வரும். பத்துக் கொடி பின்னிக் கிடக்கிற இடத்தில் மேடு அப்படியே நிற்கிறது, கொடி இல்லாத இடத்தில் காற்று மணலைக் கரைத்துக்கொண்டு போயிருக்கிறது. ஆகவே கொடி படர்ந்த முகட்டில் மிதிக்காமல் வெறும் மணலில் நடப்பதுதான் நல்லது.

மணலில் நடக்க ஒரு முறை இருக்கிறது. குதியை ஊன்றி நடந்தால் புதையும். அரைமணி நேரத்தில் கெண்டைக்கால் இறுகிவிடும். பாதம் முழுவதையும் தட்டையாக வைத்து, அடியைக் கட்டையாக்கி நடக்க வேண்டும். விடிய, பனியில் நனைந்த மணல் இறுக்கமாக இருக்கும்போதே மேடுகளைக் கடந்துவிட்டு, வெயில் ஏறியதும் அலை நனைக்கிற கரைக்கு இறங்கிவிடலாம். சப்பாத்தைக் கழற்றித் தோளில் போடலாம் என்று நினைக்கிறவர்களுக்கு: ஒன்பது மணிவரை போடலாம், அதற்குப் பிறகு மணல் காலைச் சுட்டுப்போடும்.

மணற்காட்டில் பழைய அந்தோனியார் கோயில் மணலுக்குள் அரைவாசி புதைந்து கிடக்கிறது. சுவரும் வளைவும் மட்டும் மிச்சம். 2004 டிசம்பர் 26இல் சுனாமி இந்தக் கரை முழுவதையும் வாரியது. இங்கே படம் எடுக்க வருகிறவர்கள் சுனாமியில் போனவர்களின் கல்லறைகளையும் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டும். ஊருக்குள் ஒரு வீட்டில் தண்ணீர் கேட்டோம். அந்த அக்கா தண்ணீரோடு அவித்த பனங்கிழங்கும் கொண்டுவந்து தந்தார். தும்பு உரித்து, நடுவில் இருக்கிற பீலியை எடுத்துப்போட்டு, உப்பும் மிளகும் தொட்டுச் சாப்பிட்டோம். நடைக்கு இதைவிடச் சாப்பாடு வேண்டாம்: பாரம் இல்லை, அன்றைக்குள் கெட்டுப்போகாது, ஒன்றைச் சாப்பிட்டால் இரண்டு மணி நேரத்துக்குப் பசி தெரியாது. ஒடியல் துண்டாகக் காயவைத்து எடுத்தால் மாதக்கணக்கில் இருக்கும். இதையெல்லாம் விட்டுவிட்டுக் கடையில் கடதாசி சுற்றிய இனிப்புக் கட்டிகளை வாங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை.

ஞாயிறு: ஓய்வு

நடை இல்லை. மச்சானின் குதியில் கொப்புளம். அதனால் இன்று சாமான்களைப் பற்றி எழுதுகிறேன்; கேட்டவர்களும் கனபேர்.

முதலில் கால். இந்த ஊருக்குக் கணுக்கால்வரை ஏறுகிற தோல் சப்பாத்துத் தேவையே இல்லை. அது குளிருக்கும் சேற்றுக்கும் பாறைச்சரிவுக்கும் செய்தது; இங்கே போட்டால் கால் அவிந்துபோகும். அடி தடித்த, மேற்பக்கம் வலைத்துணியாக இருக்கிற ஓட்டச் சப்பாத்துப் போதும். தண்ணீர் புகாத படலம் வைத்ததை வாங்க வேண்டாம். வியர்வை வெளியேறாது, ஈரமான தோல்தான் முதலில் உரியும். பின்னேரம் போய் வாங்குங்கள், அந்நேரம் கால் கொஞ்சம் வீங்கி இருக்கும். முன்னுக்குக் கட்டைவிரல் அகலம் இடம் இருக்க வேண்டும். பருத்திச் சொக்ஸ் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், அதையும் தவிர்க்கலாம். தோல் சிவந்து சுடத் தொடங்கிய உடனேயே நின்று, காலைத் துடைத்து, பிளாஸ்ரரை ஒட்டிவிட வேண்டும். கொப்புளம் வந்தபிறகு அன்றைய நடை பாழ்தான்.

தண்ணீர்: இந்த வெயிலுக்கு மணிக்கு அரை லீற்றர் என்று கணக்கு. வெறும் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டிருந்தால் உப்பு இறங்கித் தலைசுற்றும்; பையில் இரண்டு ஜீவனிப் பைக்கற் (தண்ணீரில் கரைத்துக் குடிக்கிற உப்புத்தூள்) எப்போதும் இருக்கட்டும். கண்ட கிணற்றில் எல்லாம் குடிக்க வேண்டாம். வலிகாமத்துச் செம்மண் தோட்டக் கிணறுகளில் உரத்தால் நைத்திரேற் ஏறியிருக்கிறது. அது கொதிக்க வைத்தாலும் போகாது. வீட்டில் கேட்டு வாங்கினால் எந்தக் கிணறு நல்லது என்று அவர்களே சொல்வார்கள்.

அப்புறம் குடை. தொப்பியைவிடக் குடை மேல். தொப்பிக்குள் தலை வேகும், குடைக்குக் கீழே காற்றோட்டம் இருக்கும். நாய் வந்தாலும் குடையை நீட்டினால் நின்றுவிடும். ஒரு சாரம், ஒரு துவாய், ரோச் லைட், சின்னக் கத்தி. பையின் மொத்தப் பாரம் உடம்பு எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டால் நாள் முழுக்க நடக்கலாம்.

வரைபடத்துக்கு நிலஅளவைத் திணைக்களத்தின் 1:50,000 தாள்கள் நல்லவை. குளமும் கோயிலும் பாதையும் அதில் தெளிவாக இருக்கும். கைத்தொலைபேசியில் யாரும் இடங்களைச் சேர்க்கக்கூடிய இலவச வரைபடமான ஓப்பன் ஸ்ட்ரீட் மாப்பை இறக்கி வைத்துக்கொண்டால் சிக்னல் இல்லாத இடத்திலும் வேலை செய்யும். ஒழுங்கைகள் அதில் ஓரளவுக்கு இருக்கின்றன, ஆனால் சுமைதாங்கிகள் இல்லை.

மலையகத்தில் 2023இல் பெக்கோ நடைவழியைத் திறந்தார்கள். கண்டியில் தொடங்கி நுவரெலியாவில் முடிகிறது. 22 பகுதிகள், 300 கிலோமீற்றருக்கு மேல். பழைய தேயிலைத் தோட்டத்து வழிகளைத்தான் இணைத்திருக்கிறார்கள். புதிதாக மலையை வெட்டவில்லை. இருந்ததைக் கண்டுபிடித்துக் குறி வைத்தார்கள். நானும் அதில் சில பகுதிகள் நடந்திருக்கிறேன், மிக நல்ல வேலை. அதே வேலையை யாழ்ப்பாணத்தில் செய்ய எல்லாம் தயாராகக் கிடக்கிறது என்பதுதான் என் ஆதங்கம்.

வாசிப்பு. நடைக்குப் போகிறவன் வாசிக்க வேண்டியதில் எனக்கு முதலாவது மலைபடுகடாம். பரிசு பெற்று வருகிற கூத்தன் எதிரே வருகிற கூத்தனுக்கு நன்னன் என்ற மன்னனின் ஊருக்கு வழி சொல்வதுதான் அதன் 583 அடிகளும். பன்றிக்கு வைத்த பொறி எங்கே இருக்கும், தினைப்புனக் காவலர் எறிகிற கவண்கல்லுக்கு எப்படி ஒதுங்குவது, வழுக்குகிற இடத்தில் எதைப் பிடித்துக்கொள்வது, எந்த ஊரில் என்ன சாப்பிடத் தருவார்கள் என்று வரிசையாக வருகிறது. நடந்தவன் நடக்கப் போகிறவனுக்குச் சொல்வது என்ற அந்த முறையில்தான் நானும் இவற்றை எழுத முயல்கிறேன். அடுத்தது ஊர் வரலாறுகள். நூலகம் என்ற இணையத்தளத்தில் கோயில்களும் பாடசாலைகளும் அச்சிட்ட சிறப்பு மலர்களும் ஊர்ப் புத்தகங்களும் ஆயிரக்கணக்கில் இலவசமாகக் கிடக்கின்றன. நடக்கப் போகிற ஊரின் பெயரைப் போட்டுத் தேடி ஒரு மலரையாவது முதல்நாள் இரவு புரட்டிவிட்டுப் போங்கள். இன்ன சந்தியில் இன்னார் கேணி வெட்டினார் என்று அதில்தான் இருக்கும்.

திங்கள்: கீரிமலை – கந்தரோடை – வழுக்கையாறு

கீரிமலைக் கேணியில் விடிய முழுக்கு. சுவர் ஒன்றுக்கு அந்தப் பக்கம் கடல், இந்தப் பக்கம் நன்னீர். குடாநாட்டில் விழுகிற மழை சுண்ணக்கல் வெடிப்புகளால் இறங்கி, நிலத்தடியே ஓடி, கடல் மட்டத்தில் இங்கே வெளிவருகிறது. குளித்து முடித்து நகுலேஸ்வரரைக் கும்பிட்டுவிட்டு மாவிட்டபுரத்தால் உள்ளே இறங்கினோம்.

ஒரு எச்சரிக்கை. வலிகாமம் வடக்கு நெடுங்காலம் இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயமாக இருந்து கட்டம் கட்டமாக விட்ட நிலம். முள்ளுக்கம்பி, பலகை, ஆள் புழங்காத பற்றை எதைக் கண்டாலும் குறுக்கே போக வேண்டாம். சனம் நடக்கிற வழியில்தான் நடக்க வேண்டும். கூரையில்லாத வீடுகளுக்குள் ஆலமரம் முளைத்து நிற்பதை வழி நெடுக இன்னும் பார்க்கலாம். அவற்றின் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள்; உள்ளே போய்ப் படம் எடுக்காதீர்கள்.

தெல்லிப்பழை தாண்டியதும் ஒழுங்கைகள். இரண்டு பக்கமும் கதியால் வேலி, நடுவில் செம்மண். வேலிக்கு அப்பால் புகையிலையும் வெங்காயமும். கிணற்றடியில் ஒரு துலாக்கால் மட்டும் தனியே நின்றது. முன்பு துலாவின் மேல் ஆள் முன்னும் பின்னுமாக நடந்துதான் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைத்தார்கள், இப்போது மோட்டர்.

அளவெட்டிப் பக்கம், ஒழுங்கை இரண்டாகப் பிரிகிற இடத்தில் தேடிவந்த சுமைதாங்கி நின்றது. இரண்டு நிறுத்திய கல், மேலே குறுக்காக ஒன்று; என் தோளளவு உயரம். உயரம் அப்படி இருப்பதில்தான் காரியம் இருக்கிறது. தலைச்சுமையோடு வருகிறவள் குனியத் தேவையில்லை, யாரையும் கூப்பிடவும் தேவையில்லை. கல்லோடு ஒட்டி நின்று தலையைச் சரித்தால் கடகம் தானாகக் கல்லுக்கு மாறிவிடும். திரும்பத் தூக்கும்போதும் அப்படியே. பிள்ளை வயிற்றில் இருக்கும்போதே இறந்துபோன பெண்ணின் நினைவாக அவள் வீட்டார் நாட்டுகிற கல் இது. இறக்க முடியாமல் போன சுமைக்காக, மற்றவர் சுமை இறக்க ஒரு இடம். மேற்கல்லின் ஒரு மூலையில் எழுத்து வெட்டியிருக்கிறது. சுண்ணாம்பு பூசிப் பூசி நிரவிவிட்டார்கள். விரலால் தடவிப் பார்த்தும் வாசிக்க முடியவில்லை. அடியில் தார் வீதி ஏறி ஏறி ஒரு சாண் புதைந்துவிட்டது. இன்னொரு முறை வீதியை அகலமாக்கினால் இந்தக் கல் நிற்காது. இதைக் கொத்திப் போடுகிறவருக்கு என்ன கல் என்றே தெரியாமல் இருக்கும், அதுதான் பயம்.

கந்தரோடையில் பனைகளுக்கு நடுவே சின்னச் சின்னக் கல் தாதுகோபங்கள் கூட்டமாக இருக்கின்றன. 1917இல் போல் பீரிஸ் தோண்டி வெளிக்கொண்டு வந்தவை. அங்கிருந்து வழுக்கையாற்றைப் பிடித்தோம். குடாநாட்டில் ஆறு என்று சொல்லக்கூடியது இது ஒன்றுதான், அதுவும் மாரியில் மட்டும். மற்றக் காலம் குளம் குளமாகக் கோர்த்த பள்ளம். சண்டிலிப்பாய் தாண்டி அராலியில் கடலேரியில் விழுகிறது. இந்தப் பருவத்தில் வரம்பெல்லாம் காய்ந்து, அரிவு வெட்டிய வயல் ஊடாக நேரே நடக்கலாம். நான் நடந்த வழிகளில் நடைவழியாகக் குறி வைக்க மிகப் பொருத்தமானது இதுதான் என்பேன்: தட்டை, வாகனம் இல்லை, வழி தப்பாது, முடிகிற இடத்தில் கடலேரி. அராலியில் பூநாரைகள் தூரத்தில் நின்றன.

செவ்வாய்: நெடுந்தீவு

குறிகட்டுவானில் இருந்து படகு ஒரு மணி நேரம். இறங்கியதும் முச்சக்கரவண்டிக்காரர் சூழ்ந்துகொள்வார்கள். ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டிவிட்டு மத்தியானப் படகுக்குக் கொண்டுவந்து விடுவார்கள். நடக்க வந்தவர்கள் நன்றி சொல்லிவிட்டு நடந்துவிடுங்கள். ஆனால் கடைசிப் படகு எத்தனைக்கு என்று இறங்கும்போதே கேட்டு, அங்கிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு எவ்வளவு தூரம் போகலாம் என்று முடிவெடுக்க வேண்டும்.

இங்கே வேலி என்றால் முருகைக்கல் மதில். சாந்து இல்லை, சீமெந்து இல்லை. கல்லுக்குமேல் கல்லை அடுக்கிய மார்பளவு மதில் ஒழுங்கை ஒழுங்கையாகப் போகிறது. இடைவெளிகளால் காற்றுப் போவதால் புயலிலும் நிற்குமாம். பெருக்குமரத்தையும் (பாவோபாப்) கோட்டையையும் பார்த்துவிட்டு மேற்கே வெடியரசன் கோட்டைப் பக்கம் நடந்தோம். ஊர் முடிந்ததும் வெட்டவெளி. மரமில்லை, குடையைத் தவிர வேறு நிழல் இல்லை. குதிரைகள் கூட்டமாக மேய்ந்தன. ஐரோப்பியர் காலத்தில் கொண்டுவந்து வளர்த்தவற்றின் வழிவந்தவை. கோடையில் தண்ணீர் இல்லாமல் சாகிறவையும் இவைதான். கிட்டப் போகாமல், கையில் உணவு நீட்டாமல் விலகிப் போனால் அவையும் தம்பாட்டில் மேயும்.

எதிரே மாட்டோடு வந்த ஆச்சி, "தண்ணி வைச்சிருக்கிறியளோ பிள்ளையள்? உங்காலை உள்ளதெல்லாம் உவர்" என்று கேட்டுவிட்டு, எந்தக் கிணற்றில் குடிக்கலாம் என்று கையைக் காட்டிச் சொன்னார். திரும்புகிற படகில் மச்சான் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, நன்னீர்க் கிணறு, உவர்க் கிணறு என்று பிரித்து ஓப்பன் ஸ்ட்ரீட் மாப்பில் ஏற்றினேன். அளவெட்டிக் கல்லையும் ஏற்றியாயிற்று. உங்கள் ஊர்ச் சந்தியிலும் சுமைதாங்கியோ கேணியோ மடமோ இருக்கும். ஒரு கணக்குத் திறந்து, இடத்தைத் தொட்டு, தமிழிலேயே பெயரை எழுதினால் போதும். கல்லில் எழுத்து இருந்தால் காலை வெயில் சாய்வாக விழும்போது படம் எடுங்கள், அப்போதுதான் வெட்டு நிழலாகத் தெரியும்.